ரியோஹா சிவப்பு ஒயின்: முதல் பாட்டிலை எப்படி வாங்குவது, எதோடு குடிப்பது

ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் தயாராகும் ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதல் வேலை அதைத் திருப்புவது. முன்பக்கக் கோட்டைப் படத்தையும் தங்க எழுத்தையும் நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். விஷயம் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரையில்தான் இருக்கிறது, அதன் நிறத்தைப் பாருங்கள்.

பச்சை என்றால் இத்தனை காலம் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதது. சிவப்பு என்றால் கிரியான்ஸா, குறைந்தது 2 ஆண்டு வைத்திருந்து விற்பது, அதில் 1 ஆண்டாவது ஓக் பீப்பாயில். கருஞ்சிவப்பு ரெசெர்வாவுக்கு 3 ஆண்டு. நீலம், கிரான் ரெசெர்வா, 5 ஆண்டு. புதியவர்கள் சிவப்பையே எடுங்கள். நீலத்தில் பழச்சுவை அடங்கி, தோல், புகையிலை, காய்ந்த இலை என்று வேறு உலகத்துக்குப் போயிருக்கும், பழகாத நாக்குக்கு "இதற்கா இவ்வளவு காசு?" என்றுதான் தோன்றும்.

அடுத்து, குளிர்ச்சி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோடைக்காலத்தில் அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றினேன். சாராய நெடிதான் வந்தது. அந்த அறிவுரை குளிரும் பழைய கல்வீடுகளுக்கானது, நம் அறைகளுக்கானது இல்லை. கிரியான்ஸாவுக்கு 15, 16 டிகிரி போதும். வெயில் நாளில் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

இப்போது கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, ஒரு சுற்று சுற்றி, மோந்து பாருங்கள். செர்ரி, பிளம் வாசனை வந்தால் அது டெம்ப்ரானியோ திராட்சை. மற்ற ரகங்களை விடச் சீக்கிரம் பழுப்பதால், "சீக்கிரம்" என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்குப் பின்னால் வெனிலா, தேங்காய் மாதிரி ஒரு வாசனை எட்டிப்பார்க்கிறதா? அது பழத்தில் இல்லை, அமெரிக்க ஓக் மரத்தில் இருந்து வருவது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலாக்சரா பூச்சி அழித்தபோது, அந்நாட்டின் ஒயின் ஊரான போர்தோவின் வியாபாரிகள் ஒயின் தேடி ரியோஹாவுக்கு வந்தார்கள். 225 லிட்டர் பீப்பாயில் ஊறவைக்கும் பழக்கம் அவர்கள் ஊர் வழக்கம், மரம் மட்டும் அமெரிக்காவுடையது.

குடித்ததும் ஈறுகளில் ஒரு பிடிப்பு தெரியும். அதைத்தான் டானின் என்கிறார்கள், நமக்குத் துவர்ப்பு என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. சாப்பாட்டுப் பொருத்தமே இதை வைத்துத்தான்: கொழுப்பும் புரதமும் உப்பும் துவர்ப்பை அடக்கும். ரியோஹாக்காரர்கள் கவாத்து செய்த காய்ந்த திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் சின்ன ஆட்டு விலா எலும்புத் துண்டுகளை வெறும் உப்பு போட்டுச் சுடுவார்கள். விரலால் பிடித்துக் கடித்து, உதட்டில் கொழுப்பு ஒட்டியிருக்கும்போதே ஒரு வாய் கிரியான்ஸா. அந்தத் துவர்ப்பு எங்கே போனது என்று தேடுவீர்கள்.

தணல் மூட்ட வசதியில்லையா, சரி, பதாதாஸ் அ லா ரியோஹானா செய்யுங்கள். உருளைக்கிழங்கும் சோரிஸோ என்ற ஸ்பானியப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் (சாசேஜ்) போட்ட குழம்பு. கிழங்கை முழுதாக நறுக்காமல், கத்தியைப் பாதி இறக்கி 'டக்'கென்று உடைத்தெடுக்க வேண்டும், அப்போதுதான் மாவுச்சத்து இறங்கிக் குழம்பு கெட்டியாகும். அதுவும் முடியாவிட்டால் மான்செகோ பாலாடைக்கட்டி. கடும் காரம் மட்டும் வேண்டாம். இந்த ஒயினில் ஆல்கஹால் 13.5, 14 சதவீதம் இருப்பது சாதாரணம், மிளகாயோடு சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

மிச்சத்தைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அப்புறமும் மீந்தால் சர்க்கரை, பட்டை போட்டு அதில் பேரிக்காயை வேகவையுங்கள். அங்கே அது வீட்டு இனிப்பு.