பாளையங்கோட்டை ஆய்வகத்தில் மாங்கனைட் நுண்தூள் செய்வது எப்படி?

முதுகலைத் திட்டப்பணிக்கு வரும் பிள்ளைகள் உலை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் தராசைக் காட்டுவேன். நாம் செய்யப்போகும் மாங்கனைட், காந்தம் பிடிக்கும் ஒரு மாங்கனீசு ஆக்சைடு. இந்தப் பொருளின் தலையெழுத்து எடை போடும்போதே முடிவாகிவிடும்.

லாந்தனம் 0.7, ஸ்ட்ரான்சியம் 0.3, மாங்கனீசு 1 என்ற விகிதப் பெரோவ்ஸ்கைட்டை (ஒரு வகைப் படிக அமைப்புள்ள ஆக்சைடு) 0.01 மோல் செய்ய, லாந்தனம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 3.031 கிராம், ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் 0.635 கிராம் எடுங்கள். மாங்கனீசு நைட்ரேட் நம் ஊருக்குச் சரிவராது. அதன் டெட்ராஹைட்ரேட் 37 டிகிரி செல்சியஸிலேயே உருகும். கத்திரி வெயிலில் அலமாரியைத் திறந்தால் புட்டிக்குள் படிகம் இருக்காது, இளஞ்சிவப்புத் திரவம்தான் தளும்பும். அதற்குப் பதில் மாங்கனீசு அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 2.451 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். லாந்தனம் உப்போ காற்றின் ஈரத்தைக் குடிக்கும். தென்காசிப் பக்கம் சாரல் நாளில் புட்டியைத் திறந்துவைத்துக் கதை பேசினால், தராசு தண்ணீரையும் சேர்த்துத்தான் காட்டும். லாந்தனம் குறையும், மாங்கனீசு மிஞ்சும்.

மூன்றையும் 50 மில்லிலிட்டர் வாலை வடிநீரில் கரையுங்கள். தாமிரபரணித் தண்ணீரின் சுவை உலகம் அறிந்தது. பீக்கருக்குள் அதற்கு வேலையில்லை. சிட்ரிக் அமிலம் மோனோஹைட்ரேட் 4.203 கிராம் சேர்த்து 80 டிகிரியில் கலக்கிக்கொண்டே வற்றவிடுங்கள். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்துக்கு வருவதுபோல் இறுகியதும், 500 மில்லிலிட்டர் பீக்கரில் மாற்றிச் சூட்டை ஏற்றுங்கள். நுரைத்துப் பொங்கிக் கரியும்; பழுப்புப் புகை நஞ்சு, புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும்.

கரியை அகேட் என்னும் கடினக் கல் உரலில் அரைத்து, 700 டிகிரியில் ஐந்து மணி நேரம் சுடுங்கள். துகள்கள் சில பத்து நானோமீட்டரில் நிற்கும். 1000 டிகிரிக்குப் போனால் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும்.

ஆறிய தூளின் அருகே காந்தம் கொண்டுபோனால் துள்ளி ஒட்டும். ஸ்ட்ரான்சியம் புகுந்ததால் மாங்கனீசில் ஒரு பகுதி 3+ நிலையிலிருந்து 4+ ஆகிறது; எலக்ட்ரான் ஆக்சிஜன் வழியாகத் தற்சுழற்சி (ஸ்பின்) மாறாமல் தாவி, அண்டை அயனிகளை ஒரே திசையில் நிறுத்துகிறது. 1951-ல் கிளாரன்ஸ் ஸீனர் (Zener) என்ற இயற்பியலாளர் சொன்ன இரட்டைப் பரிமாற்றம் இதுதான். தூளைச் சோதனைக்குழாயில் போட்டு மணல் தொட்டியில் 110 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இந்தக் காந்த ஒழுங்கு குலையும் கியூரி வெப்பநிலை ஏறக்குறைய 370 கெல்வின், அதாவது 97 டிகிரி. நுண்தூளில் சற்றுக் குறையலாம். அதைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகும். நியோடிமியம் காந்தத்தைச் சூட்டில் வைத்திருக்காதீர்கள், அதுவும் வலுவிழக்கும்.

நுண்தூளாக இல்லாத கட்டிப் பொருளுக்குத் தாழ்வெப்பநிலையில் தெவிட்டிய காந்தமாக்கம், அதாவது அது எட்டக்கூடிய உச்சக் காந்த அளவு, கிராமுக்குச் சுமார் 90 இ.எம்.யு. (emu, காந்த அளவின் அலகு). உங்கள் தூளுக்குக் குறைந்தால் முகம் வாட வேண்டாம். துகளின் மேற்பரப்பில் தற்சுழற்சிகள் ஒழுங்கற்றுக் கிடப்பதால் வரும் குறை அது. ஆனால் குளிர்வித்து எடுத்த காந்தமாக்கம்-வெப்பநிலை வளைகோட்டில் 42 கெல்வினருகே ஒரு மடிப்பு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மிஞ்சிய மாங்கனீசு, தனி ஆக்சைடாகி உள்ளே ஒளிந்திருக்கலாம்.

அளவீட்டுக்கு அனுப்பும்போது தூளை அசையாமல் இறுக்கி அடையுங்கள். தளர்வாக இருந்தால் துகள்களே காந்தப்புலத்தில் திரும்பி, புலத்தை ஏற்றி இறக்கி வரையும் காந்தத் தயக்க வளையத்தின் (hysteresis loop) வடிவத்தைக் கெடுக்கும். அள்ளுவதற்குப் பிளாஸ்டிக் கரண்டி போதும். எஃகுக் கரண்டியிலிருந்து உதிரும் இரும்பும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.