மாரி தொடங்குமுன் சர்வரின் காப்புப்பிரதியைச் சரிபார்த்தல்

திருகோணமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் கணக்குகள் இருக்கும் சர்வரை நான் பராமரித்து வருகிறேன். ஒரு மார்கழி மாதத்தில், ஒரே இரவில் மூன்று தடவை மின்சாரம் நின்று வந்ததில் அதன் வன்தட்டு செயலிழந்தது. காப்புப்பிரதிகள் இருக்கின்றன என்ற நம்பிக்கையோடு கோப்புறையைத் திறந்தபோது, நாளுக்கு ஒரு கோப்பாகத் திகதி வரிசையில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் கடைசி ஏழு வாரக் கோப்புகள் ஒவ்வொன்றும் வெறும் 20 பைட். எதுவுமே இல்லாத உள்ளீட்டை ஜிஸிப் என்னும் சுருக்கும் நிரல் சுருக்கினால் கிடைக்கும் கோப்பின் அளவு அது. அந்த ஏழு வாரக் கணக்குகளைப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களைப் பார்த்து மீண்டும் பதிந்தோம்.

காரணம் சிறியது. கணக்குகள் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது, காப்புப்பிரதி எடுக்கும் கட்டளைகளை எழுதிவைத்த ஸ்கிரிப்டில் மாற்றப்படவில்லை. தரவைக் கோப்பாக வெளியே எடுக்கும் பிஜி டம்ப் கட்டளை தோற்றது, ஆனால் அதன் வெளியீடு, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் வழியாக ஜிஸிப்புக்குச் சென்றதால், கட்டளைகளை இயக்கும் ஷெல் கடைசிக் கட்டளையான ஜிஸிப்பின் வெற்றியை மட்டுமே பார்த்து, எல்லாம் முடிந்தது என்று பதிவு செய்துவந்தது. ஆகவே பாஷ் என்னும் ஷெல்லுக்கான ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே, பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் தெரிவை இயக்கிவிடுங்கள். அதைவிட நல்ல வழி, பைப்பையே தவிர்த்து, பிஜி டம்ப்பின் கஸ்டம் வடிவத்தில் நேரடியாகக் கோப்புக்கு எழுதுவது; அந்த வடிவம் தானே சுருக்கிக்கொள்ளும். எழுதி முடித்ததும், அந்தக் கோப்பை மீட்கும் கட்டளையான பிஜி ரிஸ்டோரின் லிஸ்ட் தெரிவைக் கொண்டு அட்டவணைகளின் பட்டியலை வாசித்துப் பாருங்கள். பட்டியல் வராவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும். தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புறையை அப்படியே நகலெடுப்பது காப்புப்பிரதி ஆகாது. நகல் எடுக்கும் இடைவெளியில் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவை ஒன்றோடொன்று பொருந்தா. எஸ்கியூலைட் என்னும் ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களும் கோப்பை நகலெடுக்காமல் அதன் பேக்கப் கட்டளையையே பயன்படுத்த வேண்டும்.

இது சிறிய இடங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறை தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்களுடைய பிஜி டம்ப் காப்புப்பிரதிகளும் வெறுமையாகவே இருந்தன. பிஜி டம்ப்பின் பதிப்பு 9.2 ஆகவும் தரவுத்தளத்தின் பதிப்பு 9.6 ஆகவும் இருந்ததே காரணம். அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் அஞ்சல் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. எனவே தோல்வி நேர்ந்தால் அறிவிக்கும் ஏற்பாட்டை நம்பாமல், வெற்றிச் செய்தி வராதபோது அறிவிக்கும் ஏற்பாட்டை வையுங்கள். ஹெல்த்செக்ஸ் என்னும் திறமூலக் கருவி அதற்கென்றே உள்ளது: ஸ்கிரிப்ட் முடிந்ததும் அதன் இணைய முகவரியைத் தட்ட வேண்டும், குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அது உங்களை எழுப்பும்.

எடுத்த டம்ப்பை வெளியே அனுப்ப நான் ரெஸ்டிக் என்னும் காப்புப்பிரதிக் கருவியைப் பயன்படுத்துகிறேன். அது கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து, ஏற்கெனவே உள்ள துண்டுகளை விட்டுவிட்டு, புதியவற்றை மட்டும் மறையாக்கம் செய்து அனுப்பும். இணைப்பு நடுவில் அறுந்தாலும் மறுமுறை பெரும்பாலான வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிராது. டம்ப் கோப்பு முன்பே சுருக்கப்பட்டிருந்தால் இந்தத் துண்டு ஒப்பீடு பயனளிக்காது. ஆகையால் பெரிய தரவுத்தளம் என்றால் பிஜி டம்ப்பின் சுருக்கத்தை நிறுத்திவிட்டு, சுருக்குவதை ரெஸ்டிக்கிடமே விடுங்கள். முதல் நகல்தான் பாரமானது. 40 ஜிகாபைட்டை விநாடிக்கு 5 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்பக் கிட்டத்தட்ட 18 மணி நேரம் செல்லும். ஆகவே அதை யூஎஸ்பி வன்தட்டில் எடுத்து, மறுமுனைக்குக் கையில் கொண்டுபோய் இறக்குவதே நல்லது. அதன்பின் அன்றாட மாற்றங்களை இணைப்பு தாங்கும்.

மறுமுனை எங்கே என்பதில் கவனம் தேவை. திருகோணமலை நகரின் உவர்மலையில் ஒரு நகல், அருகிலுள்ள உப்புவெளியில் ஒரு நகல் என்பது இரண்டு இடங்கள் ஆகாது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2020 டிசம்பர் 2 இரவு இந்தக் கரையைக் கடந்த புரெவிப் புயலையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் இரண்டாவது நகல் கரையிலிருந்து தள்ளி உள்நாட்டிலுள்ள வவுனியாவில் இருக்கிறது.

மின்வெட்டு நேரத்தில் தவறும் வேலைகளுக்கும் வழி உண்டு. வேலைகளை நேரப்படி ஓட்டும் கிரான், குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த வேலையை அப்படியே தவறவிடும். அதற்குப் பதிலாக லினக்ஸின் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டன்ட் தெரிவை இயக்கினால், கணினி மீண்டும் எழுந்ததும் தவறிய வேலை நடக்கும். யூபிஎஸ் இருந்தால் நட் எனப்படும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸை நிறுவி, பேட்டரி தாழும்போது சர்வர் முறையாக அணையும்படி செய்யுங்கள். ரெஸ்டிக் பாதியில் நின்று, காப்புப்பிரதியின் மேல் அது போட்ட பூட்டு எஞ்சினால், வேறெந்த வேலையும் ஓடவில்லை என்று உறுதிசெய்தபின் அன்லாக் கட்டளையைக் கொடுக்கலாம்.

ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் தரவைத் திறக்க எவராலும் முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் ஒன்றும் வவுனியாவில் ஒன்றும் வைத்திருக்கிறோம். சர்வருக்குள் மட்டுமே இருக்கும் கடவுச்சொல் சர்வரோடு போய்விடும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மீட்டுப் பார்க்கும் ஒத்திகைக்கு நான் அதிக நேரம் கொடுக்கிறேன். வாடைக்காற்று ஒக்டோபரில் தொடங்குமுன், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். சர்வரைத் தொடாமல், அதில் எதுவுமே இல்லை என்று கருதிக்கொண்டு, ஒரு பழைய மடிக்கணினியை எடுங்கள். காகிதத்தில் உள்ள குறிப்புகளை மட்டும் வைத்து ரெஸ்டிக்கையும், சர்வரில் உள்ள அதே பதிப்புப் போஸ்ட்கிரெஸையும் நிறுவி, தொலைவிலுள்ள நகலிலிருந்து கடைசி ஸ்னாப்ஷாட்டை, அதாவது கடைசியாக எடுத்த காப்புப்பிரதியை, இறக்கி, வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டுங்கள். குறிப்பில் இல்லாத ஒன்றை நினைவிலிருந்து செய்ய நேர்ந்தால், உடனே நிறுத்தி அதை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் ஒத்திகையில் அப்படி நான்கு இடங்கள் அகப்பட்டன.

பிழைச்செய்தி இல்லாமல் முடிந்ததோடு விட்டுவிடாதீர்கள். கணக்குப் பிள்ளையை அழைத்து, மடிக்கணினியில் தெரியும் கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் தொகையையும் அவர் கையிலுள்ள புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். உறுப்பினர் எண்ணிக்கையையும் அவரே பார்க்கட்டும். தரவை நாள்தோறும் கையாள்பவரின் கண்ணுக்கு, நிரலாளரின் கண்ணுக்குத் தெரியாத குறைகள் தெரியும்.

தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து, சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள். வன்தட்டு போன அன்று எத்தனை மணி நேரத்தில் கணக்குகள் திரும்ப வரும் என்று அவர் கேட்கும்போது சொல்ல வேண்டிய விடை அதுதான். அந்தத் தாளையும் இரும்புப் பெட்டியில் கடவுச்சொல்லோடு சேர்த்து வையுங்கள்.