ஸ்கூபா: காது வலிக்காமல் முதல் 10 மீட்டர் இறங்குவது எப்படி?

அந்தமானில் முதல் தடவை சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கியபோது, 3 மீட்டரில் இடது காதில் ஊசி குத்தியதுபோல் வலி. மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினேன். காது விடவில்லை. காசு கட்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இறங்கினேன். சென்னை திரும்பியதும் காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார். மூன்று வாரம் தலைக்குக் குளிப்பதற்கே பயமாக இருந்தது.

பிறகு இங்கே ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சியாளரிடம் காதடைப்பை விடுவிப்பதை மட்டும் தனியாகக் கற்றுக்கொண்டேன். இன்றுவரை காது தொந்தரவு தரவில்லை. ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மூச்சு விடுவது, மாஸ்க்கில் புகுந்த தண்ணீரை வெளியேற்றுவது எல்லாம் வகுப்பிலேயே நன்றாகச் சொல்லித் தருவார்கள். காதைப் பற்றித்தான் "மூக்கைப் புடிச்சு ஊதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஏன் வலிக்கிறது

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்கும், கொட்டாவி விட்டால் 'டப்' என்று விடும் இல்லையா? அதேதான் இதுவும். ஆனால் அளவைப் பாருங்கள். கிட்டத்தட்ட 1,900 மீட்டர் மலை இறக்கத்தில் கூடும் காற்றழுத்தமும், கடலில் வெறும் 2 மீட்டர் இறங்கினால் கூடும் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்று. பஸ் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் சில நொடிகளில் நடந்துவிடுகிறது.

10 மீட்டரில் மொத்த அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். 10-லிருந்து 20 மீட்டருக்குப் போகும்போது இந்தச் சுருக்கம் அதைவிடக் குறைவு. ஆகவே கடினமான பகுதி மேலேயே இருக்கிறது, ஆழத்தில் இல்லை.

படி 1: கரையிலேயே பழகுங்கள்

டைவ் போக ஒரு வாரம் முன்பிருந்தே கண்ணாடி முன் நின்று மூக்கை மூடிக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். இரண்டு காதிலும் 'க்ளிக்' கேட்க வேண்டும். அடுத்து மூக்கை மூடி, மிக மெதுவாக மூக்குக்குள் காற்றைத் தள்ளுங்கள். இதற்கு வல்சால்வா முறை என்று பெயர். எனக்கு ஒத்துவருவது இரண்டும் சேர்ந்ததுதான்: லேசாகத் தள்ளிக்கொண்டே விழுங்குவது. எந்தக் காது தாமதமாக விடுகிறது என்பதையும் கவனித்து வையுங்கள். எனக்கு எப்போதும் இடது.

படி 2: மாஸ்க்

முதலில் வாங்க வேண்டிய சொந்தப் பொருள் இதுதான். மற்றதை வாடகைக்கு எடுங்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டி நிற்க வேண்டும். மூக்குப் பகுதி மெத்தென்ற சிலிகானாக, இரண்டு விரலால் எளிதாகப் பிடிக்கும்படி இருக்கட்டும். அந்தமானில் எனக்குக் கிடைத்த வாடகை மாஸ்க்கின் மூக்கு விறைப்பாக இருந்தது. மூக்கை முழுதாக மூட முடியாததும் அன்றைய வலிக்கு ஒரு காரணம்.

நீச்சல் கண்ணாடி போட்டு டைவ் செய்யவே கூடாது. அதில் மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்றை விட வழியில்லை, கண்ணைப் பிடித்து இழுக்கும். காதடைப்பானும் கூடாது.

படி 3: இறங்குவது (இங்கேதான் நான் தவறினேன்)

வலி வந்த பிறகு ஊதினேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது. தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே உள்ள யூஸ்தேஷியன் குழாயின் வாய், அழுத்த வித்தியாசம் கூடினால் நெருங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது எவ்வளவு பலமாக ஊதினாலும் திறக்காது, உள்செவிக்குத்தான் ஆபத்து. குளத்தில் பயிற்சியாளர் சொன்னதை இப்போதும் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்: "வலிக்குதான்னு பாக்காதீங்க தம்பி. வலிக்கறதுக்கு முன்னாடியே விட்டுக்கிட்டே போங்க."

தலை தண்ணீருக்கு மேல் இருக்கும்போதே முதல் தடவை. தலை மூழ்கியதும் இரண்டாவது. அதன்பின் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை, தேவைப்படுகிறதோ இல்லையோ. கால் கீழே, தலை மேலே இருக்கட்டும். தலைகீழாகப் போனால் காது விடுவது கடினம். நங்கூரக் கயிறோ மிதவைக் கயிறோ இருந்தால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், வேகம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். தாமதிக்கும் காது மேலே வரும்படி தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். எனக்கு இது நன்றாக உதவுகிறது.

விடவில்லையா? உடனே நின்று, கையைக் கிடைமட்டமாக ஆட்டி, காதைச் சுட்டிக்காட்டுங்கள். ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். மூன்று நான்கு தடவை முயன்றும் விடாவிட்டால் அன்றைக்கு டைவ் வேண்டாம். உடன் வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற கூச்சம்தான் என் செவிப்பறையைப் பதம் பார்த்தது.

மூக்கால் மாஸ்க்குக்குள்ளும் அவ்வப்போது கொஞ்சம் காற்று விடுங்கள். இல்லையென்றால் கண் சிவந்துபோகும்.

படி 4: மேலே வருவது

மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மிச்சமிருக்கும்போதே படகில் ஏறும்படி திட்டமிடுங்கள்.

எங்கே போவது

குளத்துப் பயிற்சியைச் சென்னையிலேயே முடித்துவிடுங்கள். இங்கேயும் புதுச்சேரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தண்ணீர் கலங்கல். தை பிறந்து கடல் தெளிந்த பிறகு விசாரியுங்கள். அந்த மழை மாதங்களிலேயே போக வேண்டுமானால் கர்நாடகத்தின் முருடேஸ்வர் அருகே உள்ள நேத்ராணி தீவைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் அப்போது தென்மேற்குப் பருவம் முடிந்திருக்கும்.

அந்தமான் போனால் திரும்பும் நாளைக் கவனியுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடைசி நாளை செல்லுலார் சிறைக்கு ஒதுக்கிவிட்டால் சரியாக இருக்கும்.

பின்சேர்க்கை 1: சளி இருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். கீழே இருக்கும்போதே மருந்தின் வேகம் தணிந்தால், ஏறும்போது காதுக்குள் விரிந்த காற்று வெளியேற வழியிருக்காது. இறங்கும்போது அடைத்தால் மேலே போய்விடலாம். ஏறும்போது அடைத்தால் சிலிண்டரில் இருக்கும் காற்று தீர்வதற்குள் எப்படியாவது வெளியே வந்தாக வேண்டும்.

பின்சேர்க்கை 2: மீசை வைத்த ஒரு நண்பருக்கு மாஸ்க் ஒழுகிக்கொண்டே இருந்ததாம். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்கு மட்டும் மழித்தார், நின்றுவிட்டது. ஆஸ்துமா, இதய நோய், பழைய காது அறுவை சிகிச்சை உள்ளவர்கள் மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காமல் எழுதி, மருத்துவர் கையெழுத்து வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.