யார் கதவைத் தட்டுவது? எம்பிஏ படிக்க அமெரிக்கா போய் இறங்கிய மதுரைப் பிள்ளைகளுக்கு

ஜூலை பிறந்தால் போதும், கே.கே. நகரில் எங்கள் வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு வந்து உட்கார்வார்கள். குக்கர் கொண்டுபோகலாமா, பருப்புப்பொடியைப் பிடுங்கிவிடுவார்களா, ஸ்வெட்டர் இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா என்று கேள்வியெல்லாம் பெட்டியைச் சுற்றித்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் கேட்டேன். இந்நேரம் போய் இறங்கியிருப்பீர்கள், குக்கரும் போய்ச் சேர்ந்திருக்கும். இனி உங்களுக்குத் தெரிய வேண்டியது, எந்தச் சிக்கலுக்கு யார் அறைக்குப் போவது என்பது.

மதுரையில் அமெரிக்கன் கல்லூரியோ தியாகராசரோ லேடி டோக்கோ, எங்கே படித்திருந்தாலும் நமக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. எச்ஓடி கூப்பிட்டால்தான் அவர் அறைக்குப் போவோம். கூப்பிட்டாலே "என்னத்தப் பண்ணித் தொலச்ச?" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். அட்டெண்டன்ஸ் குறைந்தால் வீட்டுக்கு ஃபோன் போகும். திட்டு விழும்தான், ஆனால் யாரோ நம்மைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே அப்படி யாரும் துரத்த மாட்டார்கள். நீங்களாகப் போய் நிற்கிற வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். அவர்களாகக் கூப்பிடுகிற நாளில் பெரும்பாலும் ஜிபிஏ என்கிற சராசரி மார்க் 3.0-க்குக் கீழே இறங்கி, ப்ரொபேஷன் என்கிற எச்சரிக்கைக் கடிதம் தயாராகியிருக்கும்.

சரி, அறைகளுக்கு வருவோம். ஒரு பிசினஸ் ஸ்கூலில் உங்களுக்கு முக்கியமானவர்கள் மூன்று பேர். அகாடமிக் அட்வைசர் பாடத்தைப் பார்ப்பார்: எந்த கோர்ஸ் கட்டாயம், எது விருப்பப்பாடம், எந்த செமஸ்டரில் எதை எடுத்தால் படிப்பு நேரத்துக்கு முடியும் என்பதெல்லாம் அவரிடம். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ, அதாவது விசா விதிகளைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி, உங்கள் ஐ-20-ஐயும் (விசாவுக்கு அடிப்படையாகக் கல்லூரி கொடுத்த படிவம்) செவிஸ் பதிவையும் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) பார்ப்பார். கெரியர் அலுவலகம் வேலையைப் பார்க்கும். மூவரும் ஒரே கட்டடத்தில் இருக்கலாம், ஒரே வரவேற்பறையில் காபி குடிக்கலாம். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நான் நம்பினேன். இரண்டாவது செமஸ்டரில் மூன்று கோர்ஸ், ஒன்றுக்கு மூன்று வீதம் ஒன்பது கிரெடிட் (ஒரு கோர்ஸின் அளவைக் காட்டும் புள்ளி). ஃபைனான்ஸ் மிட்டெர்மில் வாங்கிய மார்க்கை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அட்வைசரிடம் போனேன். அன்பான மனுஷி, டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, "கடைசித் தேதிக்குள் அந்த கோர்ஸிலிருந்து விலகிவிடு, மார்க் பட்டியலில் விலகியதைக் காட்டும் டபிள்யூ மட்டும் வரும், ஜிபிஏ தப்பிக்கும்" என்றார். பாடக் கணக்கில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றிரவே போர்ட்டலில் போய் பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை டிஎஸ்ஓ அலுவலகத்திலிருந்து மெயில்: நீ இப்போது முழுநேர மாணவி இல்லை. ஆறு கிரெடிட்டோடு எஃப்-1 மாணவர் விசாவில் இருக்க முடியாது. டீன் அலுவலகத்துக்கும் அட்வைசர் அறைக்கும் ஓடி, சாயங்காலத்துக்குள் அதே கோர்ஸில் திரும்பச் சேர்ந்தேன். விசா என்ற வார்த்தையை அட்வைசரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கதையிலிருந்து உங்களுக்கு வேண்டிய விதி இது. பாடத்தைக் குறைப்பதற்கு முன்னாலேயே டிஎஸ்ஓவின் அனுமதி வேண்டும், குறைத்த பிறகு வாங்கினால் செல்லாது. மேற்படிப்பில் முழுநேரம் என்பது பல இடங்களில் ஒன்பது கிரெடிட், ஆனால் அதைக் கல்லூரிதான் தீர்மானிக்கிறது, அதனால் உங்கள் இடத்துக் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஆன்லைன் வகுப்பு செமஸ்டருக்கு ஒன்றுதான், அதாவது மூன்று கிரெடிட் வரைதான் சேர்த்தி. பாடத்தைக் குறைக்க நேர்வழியும் இருக்கிறது. அமெரிக்கப் பாடமுறை புரியாத ஆரம்பத் தடுமாற்றத்துக்கு ஒரு படிப்பு நிலையில் ஒருமுறை அனுமதி கிடைக்கும், பாதிப் பாடமாவது எடுத்திருக்க வேண்டும். உடம்போ மனசோ சரியில்லை என்று மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளர் எழுதிக் கொடுத்தால் தனி அனுமதி உண்டு, மொத்தம் 12 மாதம் வரை. கடைசி செமஸ்டரில் மிச்சமிருக்கிற கோர்ஸை மட்டும் எடுக்கலாம், அதற்கும் முன்கூட்டியே கையெழுத்து வேண்டும். அப்புறம், வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைச் சொல்லிவிட வேண்டும். முதல் மாதத்திலேயே இரண்டு ரூம் மாறுவீர்கள், மறந்துபோகும்.

முதல் செமஸ்டரில் அட்வைசரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி: வெய்வர், அதாவது பாட விலக்கு. பி.காம் படித்தவர்கள் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்கில் விலக்குக் கேட்கலாம், என்ஜினியரிங் பிள்ளைகள் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் கேட்கலாம். சில கல்லூரிகளில் அதற்கென்று ஒரு தேர்வு வைப்பார்கள். விலக்குக் கிடைத்தால் அந்த கிரெடிட் குறையுமா, இல்லை அதற்குப் பதில் வேறு கோர்ஸ் எடுக்க வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள். கிரெடிட் குறையாது என்றால் என் யோசனை, விலக்கே வாங்காதீர்கள். ஊரும் மொழியும் வகுப்பும் புதிதாக இருக்கிற முதல் செமஸ்டரில் தெரிந்த பாடம் ஒன்று கையில் இருப்பது பெரிய ஆறுதல். ஜிபிஏவுக்கும் அது முட்டுக்கொடுக்கும்.

வகுப்பில் வாய் திறப்பதற்கும் மார்க் உண்டு. ஒரு நிறுவனத்தின் சிக்கலை அலசும் கேஸ் விவாதத்தில் பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கையை உயர்த்தாவிட்டாலும் தப்ப முடியாது. பேசத் தயக்கமாக இருந்தால், பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கியிருக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸுக்குப் போய் அதையே சொல்லுங்கள். இன்னொன்று, குழு வேலைக்கும் தனி வேலைக்கும் நடுவில் கோடு எங்கே என்று ஒவ்வொரு பேராசிரியரிடமும் கேட்டுவிடுங்கள். ஹாஸ்டலில் ஒருத்தர் ரெக்கார்டைப் பார்த்து நாலு பேர் எழுதிய ஊர்க்காரர்கள் நாம். அங்கே அதற்கு விசாரணை வரும்.

சந்திக்க நேரம் கேட்டு மெயில் போடும்போது "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி அரைப்பக்கம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்கள் பெயர், மாணவர் எண், என்ன கேள்வி, எந்த நாள் வரலாம், நாலு வரி போதும். பேசிவிட்டு வந்த அன்றே "இன்று நீங்கள் சொன்னது இது, சரிதானே?" என்று திரும்ப ஒரு மெயில் போட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். அட்வைசர்கள் மாறுவார்கள், மெயில் இருக்கும்.

வேலை விஷயத்தில் அவசரம் நீங்கள் நினைப்பதைவிட முன்னால் தொடங்குகிறது. கன்சல்டிங், வங்கித் துறைக்காரர்கள் அடுத்த கோடைக்கான இன்டெர்ன்ஷிப்புக்கு முதல் இலையுதிர் காலத்திலேயே ஆள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கெரியர் அலுவலகத்தைச் செப்டம்பரிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். ஆஃபர் கையில் வந்ததும் அடுத்த நடை டிஎஸ்ஓவிடம்: பொதுவாக ஒரு கல்வியாண்டு முடித்திருந்தால்தான் சிபிடி, அதாவது படிக்கும்போதே படிப்பு சார்ந்த வேலை பார்க்கும் அனுமதி; ஐ-20-இல் அந்த அனுமதி ஏறிய பிறகுதான் வேலையின் முதல் நாள். ஒருநாள் முன்னால் போய் உட்கார்ந்தாலும் தவறுதான். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் படித்தபின் கிடைக்கும் ஓபிடி என்கிற வேலை அனுமதி போய்விடும். ஓபிடி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், என்ஜினியரிங், கணிதம்) என்று வகைப்படுத்திய படிப்புக்கு மேலே 24 மாதம். உங்கள் எம்பிஏ அதில் வருமா என்பது ஐ-20-இல் இருக்கும் சிஐபி எண்ணை, அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண்ணைப் பொறுத்தது. சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். விதிகள் மாறும், சீனியர் படித்த வருஷம் வேறு.

மனசு சரியில்லை என்றால் நம் வீட்டில் "மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வா" என்பார்கள். அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் பனி கொட்டுகிற பிப்ரவரியில் தெற்கு கோபுரம் பக்கத்தில் இல்லையே. கேம்பஸ் கவுன்சிலிங்குக்குப் போங்கள். உயிருக்கு ஆபத்து மாதிரியான நிலை இல்லாவிட்டால், அங்கே பேசியது பேராசிரியருக்கும் போகாது, வீட்டுக்கும் போகாது. நள்ளிரவில் தாங்க முடியவில்லை என்றால் 988 என்கிற மனநெருக்கடி உதவி எண்ணுக்கு அழையுங்கள், எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

வீட்டுக்குப் போகாது என்றதும் நினைவு வருகிறது. போன ஜூலையில் உசிலம்பட்டியிலிருந்து மகளோடு வந்த ஒரு அப்பா கடைசியாக ஒன்று கேட்டார்: "நான் காலேஜுக்கு ஃபோன் போட்டா மார்க்கு சொல்லுவாங்களாம்மா?" பொதுவாகச் சொல்ல மாட்டார்கள் அண்ணே, 1974-லிருந்தே அதற்கு ஃபெர்பா என்று ஒரு சட்டம் இருக்கிறது, பிள்ளை எழுதிக் கொடுத்தால்தான் சொல்வார்கள் என்றேன். "லோனு நான்ல கட்டுறேன்!" என்றார். மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நியூயார்க்கில் கோடையில் ராத்திரி ஒன்பது மணி என்றால் உசிலம்பட்டியில் மறுநாள் காலை ஆறரை, அப்பா டீ குடிக்கிற நேரம், வாரத்தில் ஒருநாளாவது அப்போது கூப்பிட்டு நீயே சொல்லிவிடு என்றேன். ஃபைனான்ஸ் மிட்டெர்ம் மார்க்கையுமா என்று கேட்டாள். அதையும்தான்.