மலையில் பழைய கார் வாங்குகிறீர்களா? இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்

நீலகிரிக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆவதற்குள் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிடும். இங்கே கார் இல்லாமல் சிரமம். குன்னூரிலோ கோத்தகிரியிலோ வாடகைக்கு வீடு கிடைத்தால், அது பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு ஏற்றம் தள்ளியோ ஒரு இறக்கம் தள்ளியோதான் இருக்கும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் திரும்பி வந்து இங்கே வீடு பார்க்கிறவர்களில் பலர் பல வருடம் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டியவர்கள். துபாயிலிருந்து வந்தவர் மேனுவல் ஓட்டியிருந்தாலும் வலது கையால் கியர் போட்டவர். இங்கே இடது கை. நம் பட்ஜெட்டுக்குக் கிடைக்கும் செகண்ட் ஹேண்ட் கார் பெரும்பாலும் மேனுவல்தான். அதனால் கார் பார்க்கக் கிளம்பும் முன், தெரிந்தவர் யாருடைய காரிலாவது நாலு நாள் கியர் போட்டுப் பழகுங்கள். கால் தடுமாறும்போது கோளாறு காரில் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

என் முதல் காரைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். எண்பதில் ஆடாமல் அசையாமல் போனது, ஏசி வேலை செய்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் கட்டபெட்டு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது கியரில் இருந்த லீவர் உள்ளங்கையில் லேசாகத் தட்டிவிட்டு, தானாக நடுவுக்கு வந்து நின்றது. எஞ்சின் சத்தம் அடங்கியது. அடுத்த நொடியே கார் வேகம் எடுத்தது. பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்துத் தேயிலைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தினேன். நின்ற பிறகும் கை நடுக்கம் அடங்கச் சற்று நேரம் ஆனது. விற்றவர் சமவெளியில் மட்டும் ஓட்டியவர். அவருக்கே இந்தக் கோளாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சம ரோட்டில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. பளு எதிர்ப்பக்கம் விழும்போதுதான் தேய்ந்த கியர் கழன்றுகொள்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: மலையில் ஓட்டப்போகிற காரை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் வரை இறங்கித் திரும்பி ஏறினால் போதும், கார் தன் கதையை முழுக்கச் சொல்லிவிடும். சீசன் நேரத்தில் குன்னூர் ரோட்டை ஏறுவதற்கும் கோத்தகிரி ரோட்டை இறங்குவதற்கும் ஒருவழியாக்கிவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டியரிங்கைத் தொடுங்கள். மலை ரோட்டில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது இந்த மலையின் பாலபாடம். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிடுங்கள். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை வேகம் எடுக்கவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள். லீவர் துள்ளுகிறதா, நடுவுக்கு நழுவப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். மூன்றாவதிலும் இதையே செய்யுங்கள். பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கறகறவென்று பல் அரைபடும் சத்தம் வந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் நான் விலகிவிடுவேன். கியர் பாக்ஸைப் பிரித்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விற்பவர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுக் காட்டினால், ‘பெட்ரோல் மிச்சம்’ என்று பெருமையும் பட்டால், அந்தக் காரின் பிரேக் இத்தனை நாள் எவ்வளவு சூடு தாங்கியிருக்கும் என்று யோசியுங்கள். நாலு வளைவு இறங்கியதும் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் பக்கம் போய் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடிக்கக் கூடாது. பெடலில் துடிப்பு தெரிந்தால் டிஸ்க் கோணியிருக்கலாம். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்றோ பழைய பிரேக் ஆயிலோ இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், இந்த ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்தால் அது கல் மாதிரி இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் நன்றாக இருக்கிறது.

ஹேண்ட் பிரேக்கைச் சரிவில்தான் சோதிக்க வேண்டும், மூக்கு மேலே பார்த்து ஒரு தடவை, கீழே பார்த்து ஒரு தடவை. விற்பவர் வீட்டு வாசலில் கார் நின்றிருந்த இடத்தையும் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைப்பது இங்கே நல்ல பழக்கம்தான். ஆனால் கல் தேய்ந்து, டயர் தடம் பதிந்து, நாளெல்லாம் அந்தக் கல்லை நம்பியே கார் நின்றதாகத் தெரிந்தால் ஹேண்ட் பிரேக்கைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இனி ஏற்றம். கடல்மட்டத்திலிருந்து ஊட்டி சுமார் 2240 மீட்டர். காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கே காணாமல் போகும். சமவெளியில் சீறிய சின்ன கார், நாலு பேரோடு இங்கே திணறுவது அதனால்தான். அது கோளாறு இல்லை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் இரைந்து, கார் வேகம் எடுக்கவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பெடல் ஏறக்குறைய முழுக்க மேலே வந்த பிறகே வண்டி நகர்ந்தால் கிளட்ச் பிளேட்டின் ஆயுள் முடியப்போகிறது. இந்த ஊரில் பிரேக் போடாமல், பெடலைப் பாதி மிதித்த ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் நிறுத்திவைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. ஆகவே மீட்டரை அதிகம் நம்ப வேண்டாம். மலையில் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதைவிடச் சமவெளியில் அறுபதாயிரம் ஓடியதன் கிளட்ச் நன்றாக இருப்பதுண்டு. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் முன் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

சரி, எஞ்சின். காலை ஏழு மணிக்குப் போங்கள், போவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் வேறொரு நாள் வாருங்கள். குளிரில் முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது வெறும் நீராவி. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலண்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பாலாடை போலப் படிந்திருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் போச்சு, கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். குளிரில் கிட்டத்துக்கு மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் அப்படிப் படியும். கூலண்ட் அளவு குறைந்திருந்து, ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் ஆபத்து.

காருக்குள் தரையில் கிடக்கும் மேட்டையும் அடியில் இருக்கும் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி குழியையும் விடாதீர்கள். குன்னூர் மூடுபனியில் நின்ற காருக்குத் துரு உள்ளிருந்து வரும். சென்னையிலிருந்து வந்த கார் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். 2015, 2023 வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகளை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்சுற்றில் சேற்றுக்கோடு தங்கிவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வைப்பர், கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் ஹீட்டர், ஃபாக் லேம்ப் மூன்றும் இங்கே அலங்காரம் இல்லை.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். கடன் பதிவாகியிருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும். கூடலூர் பக்கம் கேரள, கர்நாடகப் பதிவு வண்டிகள் மலிவாக வரும். அங்கிருந்து தடையில்லாச் சான்றான படிவம் 28 வாங்கி, இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். 2024 மே மாதத்தில் ஊட்டிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கினார்கள், நீலகிரிப் பதிவான டிஎன் 43-க்கு விலக்கு கொடுத்தார்கள். விலையில் ரொம்ப வித்தியாசம் இல்லையென்றால் நான் உள்ளூர்ப் பதிவையே எடுப்பேன்.

வாங்கிய வாரமே பிரேக் ஆயிலையும் கூலண்டையும் மாற்றிவிடுங்கள். அப்புறம், குடும்பத்தோடு முதல் தடவை மேட்டுப்பாளையம் இறங்குவது பகலில் இருக்கட்டும், இரண்டாவது கியரில்.