அம்மாவிடம் செய்தியோடு ஒரு வேலையையும் கொடுங்கள்

அம்மாவிடம் ஒரு பிரச்சினையைச் சொல்லப் போகும் முன்னால் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். கேட்டு முடித்த பிறகு அம்மா என்ன செய்ய வேண்டும்? பணம் தர வேண்டுமா, உங்களோடு எங்காவது வர வேண்டுமா, அப்பாவிடம் பேச வேண்டுமா, இல்லை, கேட்டுக்கொண்டால் மட்டும் போதுமா? இது உங்களுக்கே தெளிவாகாமல் போய் நின்றால், பேச்சு கொஞ்ச நேரத்தில் "உனக்கு செல்போன் வாங்கிக் குடுத்ததுதான் தப்பு" என்ற இடத்துக்குப் போய்விடும். அப்புறம் அதைத் திருப்பிக் கொண்டுவருவது கஷ்டம்.

நான் சேலம் அம்மாபேட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளைகள் வருகிறார்கள். காலேஜ் சேர்ந்த பிறகும் சிலர் சாயங்காலத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் கிளம்பும் வரை நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "டீச்சர், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களையும் எனக்குத் தெரியும். தறி வீட்டில் நூலைத் தாரில் சுற்றுகிறவர்கள், கொலுசு வேலை செய்கிறவர்கள், ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறவர்கள். ஃபீஸ் கட்ட வரும்போது அவர்கள் என்னிடம் கேட்பது, "எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குறான், உங்ககிட்ட ஏதாவது சொல்றானா டீச்சர்?" இரண்டு பக்கமும் ஒரே ஏக்கம்தான். நடுவில் வழி இல்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இருக்கிறது.

இந்த அம்மாக்கள் கை சும்மா இருந்து பழகாதவர்கள். எந்தக் கஷ்டம் வந்தாலும் எழுந்து எதையாவது செய்துதான் அதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் கெட்ட செய்தியை மட்டும் வைத்துவிட்டு நின்றால், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பயம் மட்டும் மிஞ்சும். அந்தப் பயம் திட்டாக வெளியே வரும். "பிசிக்ஸ்ல ஃபெயில் ஆயிட்டேன்" என்று நிறுத்தினால் அவ்வளவுதான், ஒப்பாரி. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பிசிக்ஸ் போயிடுச்சும்மா. துணைத்தேர்வு இருக்கு, ஜூன், ஜூலைலயே எழுதிடலாம். பள்ளிக்கூடத்துல விண்ணப்பம் போடணும், நீ கூட வா. அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ பக்கத்துல மட்டும் இரு." அழுவார்கள், அது வேறு. ஆனால் அழுதுகொண்டே "எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்பார்கள்.

கேட்டுக்கொண்டால் மட்டும் போதும் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, நான் சொல்றத மட்டும் கேளு." அம்மாக்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை இதுதான். அதனால் அந்த மாதிரிப் பேச்சுக்கு நேரம் பார்த்துப் போங்கள்.

நேரம் என்றால், அம்மாவின் கை வேலையில் இருக்க வேண்டும், மனசு காலியாக இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசும்போது வராத சொற்கள், பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்துவிடும். பூண்டு உரிக்கும்போது, கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது நீங்களும் உட்கார்ந்து பாதி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக்கொண்டிருந்தால் நல்ல நேரம். பற்றவைக்கும்போது வேண்டாம், நெருப்பு. தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி நன்றாகத் தெரியும்: தறி ஓடும்போது கத்திச் சொல்ல வேண்டும், கரண்ட் போனால் தெருவே அடங்கிப்போய் நீங்கள் மெதுவாகச் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இரண்டு நேரமும் ஆகாது. வீட்டை விட்டு வெளியே நடங்கள். காலையில் உழவர் சந்தைக்கு அம்மாவோடு பை தூக்கிக்கொண்டு போங்கள். போகும்போது கத்தரிக்காய் விலைதான் மனசில் ஓடும், திரும்பி வரும்போது பேசுங்கள். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். ஐந்து ரோடு நெரிசலில் அம்மா திடுக்கிட்டு உங்கள் தோளைப் பிடித்து இழுத்தால் ஆபத்து.

குழு லோன் தவணை கட்டும் நாளுக்கு முந்தின நாள் பணப் பேச்சை எடுக்காதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயம் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அப்போதும் வேண்டாம். ஆனால் ஒன்று, நல்ல நேரம் பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட இதைக் காரணமாக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

முதல் வாக்கியத்துக்கு வருவோம். பெரும்பாலான பிள்ளைகள் "அம்மா, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது" என்று தொடங்குகிறார்கள். அந்த நொடியில் அம்மாவின் மனசு போலீஸ், ஆஸ்பத்திரி, ஓடிப்போவது என்று எல்லா இடத்துக்கும் போய் வந்துவிடும். அதற்குப் பதில் விஷயத்தின் அளவை முதலில் சொல்லுங்கள். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, யார்கூடவும் சண்டை இல்ல. பணம் சம்பந்தமா ஒரு தப்பு நடந்துடுச்சு." அப்புறம் முழுசாகச் சொல்லுங்கள். கடன் ஆப்பில் 18,000 ரூபாய் வாங்கியிருந்தால் 18,000 என்றே சொல்லுங்கள், 5,000 என்று ஆரம்பிக்காதீர்கள். மிச்சம் பிறகு தெரியவரும்போது அம்மாவுக்குப் பணம் பெரிதாகத் தெரியாது, முதல் நாள் கண்ணைப் பார்த்துச் சொன்னது பொய் என்பதுதான் தெரியும். அடுத்த தடவை நீங்கள் உண்மை சொன்னாலும் நம்ப யோசிப்பார்கள்.

திட்டுவார்கள். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும். "இதனாலதான் உங்கிட்ட எதுவும் சொல்றதில்ல" என்ற வாக்கியத்தை மட்டும் அப்போது சொல்லாதீர்கள். அது கதவை வெளியிலிருந்து பூட்டுகிற மாதிரி. பதில் பேசாமல் இருங்கள். முடியாவிட்டால், "நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதாம்மா, நாளைக்குப் பேசலாம்" என்று எழுந்துவிடுங்கள். நான் பார்த்த வரையில், உண்மையான பேச்சு இரண்டாவது தடவைதான் நடக்கிறது. மறுநாள் அம்மா ஏதோ வேலையாக இருக்கிற மாதிரி இருந்துகொண்டு ஒரு சின்னக் கேள்வி கேட்பார்கள். "அந்தப் பொண்ணு எந்தக் காலேஜ்னு சொன்ன?" "எத்தனை அரியர்?" ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு வந்த கேள்வி அது. "அதான் நேத்தே சொன்னேனே" என்று வெட்டாமல், உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வந்து சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேல் நாகலூர் பக்கம் ஊர் என்றால் நினைத்தபோது போய்வர முடியாது. காப்பி பழம் எடுக்கிற மாதங்களில் அம்மா விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். போனில் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் சின்னதாக ஒரு தகவல் அனுப்புங்கள்: "நான் நல்லா இருக்கேன். ஒரு விஷயம் பேசணும், தனியா இருக்கும்போது கூப்பிடு." அந்த "நல்லா இருக்கேன்" இல்லாமல் அனுப்பினால் அம்மா முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிடுவார்கள். எழுதினால் படிக்கச் சிரமப்படுகிற அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வசதிதான், திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பலர் அதை ஸ்பீக்கரில்தான் போடுவார்கள், எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டியிருக்கிற லயன் வீட்டில் நாலு வீட்டுக்கு அது கேட்கும். ரகசியமானதைப் பதிவில் சொல்லாதீர்கள்.

உடம்பு சம்பந்தப்பட்டதில் பெண்பிள்ளைகளுக்கு வருகிற பதில், "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு." அம்மா அலட்சியமாகச் சொல்வதில்லை, அவர்களை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை, அதுதான் காரணம். அதனால் "ரொம்ப வலிக்குது" என்று பொதுவாகச் சொல்லாமல் கணக்கோடு சொல்லுங்கள். மாதவிடாய் 7 நாளுக்கு மேல் நீடிக்கிறது, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, வலியால் மாதாமாதம் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்றால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். தேதி போட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "திங்கக்கிழமை ஜி.எச்.க்கு கூட வா" என்று வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பையன்களுக்கு மீசை அரும்பும்போதே அம்மாவிடம் பேச்சு சுருங்கிவிடுகிறது. சோறு, காசு, சார்ஜர், அதோடு சரி. திடீரென்று ஒருநாள் பெரிய விஷயத்தைச் சொல்ல வாய் வராது. அவர்களிடம் நான் சொல்வது, சின்ன விஷயங்களை இப்போதே சொல்லிப் பழகு. பஸ்ஸில் நடந்தது, வாத்தியார் திட்டியது, எதுவானாலும் சரி.

சில விஷயங்களுக்கு மேலே சொன்ன நேரம் காலம் எதுவும் கிடையாது. யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டிருந்தால், அது சொந்தக்காரராக இருந்தாலும், அன்றைக்கு ராத்திரியே சொல்லுங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு 2012-இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது, உங்கள் பெயரைப் பத்திரிகையில் போட முடியாது. அம்மா பயந்துபோய் "வெளியே சொல்லாதே" என்றால் அதோடு நிறுத்தாதீர்கள். நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள், காசு ஆகாது. படத்தை வைத்து எவனாவது மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், வந்த மெசேஜை அழிக்காதீர்கள். அம்மாவுக்கான வேலை, சைபர் கிரைம் போலீசுக்கு உங்களோடு வருவது. உதவி எண் 1930.

சாகலாம் என்று தோன்றினால் "மனசு சரியில்ல" என்று மூடிச் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையையே சொல்லுங்கள். "செத்துடலாம்னு தோணுதும்மா. இன்னைக்கு என்னைத் தனியா விடாத." இதைவிடத் தெளிவான வேலையை எந்த அம்மாவுக்கும் கொடுக்க முடியாது. அம்மா பக்கத்தில் இல்லையென்றால் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், ராத்திரி எந்நேரமானாலும் தமிழில் பேசுவார்கள்.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்று கேட்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். சில வீடுகளில் பிள்ளை மறைத்ததற்கு அடி வாங்குவது அம்மா. அவர்களால் தாங்க முடிகிற வேலையைத்தான் கேட்க வேண்டும். காதல் விஷயத்தில், அதுவும் வேறு சாதி என்றால், எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற ஒரு வழியை என்னால் சொல்ல முடியாது. வீட்டில் கைநீட்டுவார்கள், அடைத்துவைப்பார்கள் என்று பயம் இருந்தால் முதலில் வெளியில் பாதுகாப்பான ஒரு பெரியவரிடம் சொல்லிவையுங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. அம்மா இல்லாத பிள்ளைகளும், அம்மாவிடம் சொல்லவே முடியாத பிள்ளைகளும் என் மாடிக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சித்தியோ ஆயாவோ அக்காவோ, யாரோ ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் போதும்.

இதைப் படிக்கிற அம்மாக்களுக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை சொன்னது சாயங்காலத்துக்குள் தங்கச்சிக்கும் தண்ணீர்க் குழாயடிக்கும் போய்விட்டால், அதோடு முடிந்தது. என்னிடம் வருகிற பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து வருவதைவிட, விஷயம் வெளியே போய்விடும் என்று பயந்து வருவதுதான் அதிகம். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, வேலை முடிந்த பிறகு அம்மாவிடம் திரும்பிப் போய் என்ன ஆனது என்று சொல்லுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்டாயிற்றா, டாக்டர் என்ன சொன்னார், கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று அம்மா வேலை செய்துகொண்டே நினைத்துக்கொண்டிருப்பார்கள், உங்களைக் கேட்கத் தயங்குவார்கள். துணைத்தேர்வில் பாஸ் என்று என்னிடம் ஓடிவருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, அம்மாவுக்கு போன் பண்ணிட்டியா என்று.