பேஜிங் தாமதம்: சராசரிக்குள் ஒளிந்திருக்கும் நேரம்

மெயின்ஃபிரேம் மெதுவாகிறது என்று புகார் வந்ததும் நினைவகத்துக்கும் வட்டுக்கும் இடையே விநாடிக்கு எத்தனை பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) போய் வருகின்றன, அதாவது பேஜிங் எவ்வளவு நடக்கிறது என்று மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே வரவேண்டிய ஒரு 4 கேபி பக்கத்துக்காக ஒரு நிரல் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்பதுதான் கேள்வி. வெளியே போகும் பக்கங்களுக்காகப் பெரும்பாலும் யாரும் காத்திருப்பதில்லை.

மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் ஆர்எம்எஃப் என்ற செயல்திறன் அளவீட்டுக் கருவி தரும் பேஜ் டேட்டா செட் (பக்கங்களை வைக்கும் வட்டுக் கோப்பு) அறிக்கையை எடுங்கள். அளவீட்டு இடைவெளி 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரச் சராசரியை நம்பி நான் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். பத்தே நிமிடம் நீடித்த நெரிசல் அதில் கரைந்துபோயிருந்தது.

அறிக்கையில் ஒரு லோக்கல் டேட்டா செட் (நிரல்களின் பக்கங்களை வைக்கும் கோப்பு) 4 சதவீத நேரம் பயன்பாட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 900 விநாடியில் அது 36 விநாடி. இடம்மாறிய பக்கங்கள் 18,000 என்றால் பக்கத்துக்கு 2 மில்லிவிநாடி. அறிக்கை காட்டும் பக்க மாற்று நேரம் இதுவே. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டுக்குப் போன ஐ/ஓ (உள்ளீடு/வெளியீடு) கோரிக்கைகள் எத்தனை என்று அறிக்கையின் அடுத்த நெடுவரிசையில் பாருங்கள். 1,500 என்றால் ஒரு கோரிக்கையில் 12 பக்கங்கள் சேர்ந்து போகின்றன. ஒரு கோரிக்கை முடிய 24 மில்லிவிநாடி ஆகிறது. ஒரே ஒரு பக்கத்துக்காக நிற்கும் நிரலும் அந்தக் கோரிக்கை முடியும்வரை நிற்க வேண்டியதுதான். கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் வட்டுகளில் இந்தக் கணக்கு தோராயமானது. எனவே அடுத்து வட்டுச் செயல்பாட்டு அறிக்கைக்குப் போங்கள்.

அங்கே பதில் நேரம் நான்காகப் பிரிந்திருக்கும்: ஐஓஎஸ் வரிசை (கோரிக்கை இயங்குதளத்திலேயே காத்திருக்கும் நேரம்), பெண்டிங் (அனுப்பியபின் வட்டு தொடங்கும்வரை), டிஸ்கனெக்ட் (வட்டமைப்பு தரவைத் தேடும் நேரம்), கனெக்ட் (தரவு நகரும் நேரம்). நான் தேடிய சிக்கலில் வரிசை நேரம்தான் வீங்கியிருந்தது. அதே வட்டில் யாரோ சார்ட் (தரவை வரிசைப்படுத்தும்) வேலைக் கோப்பை வைத்திருந்தார்கள். அதை வேறு வட்டுக்கு மாற்றியதும் காத்திருப்பு அடங்கியது. டிஸ்கனெக்ட் உயர்ந்தால் சந்தேகம் கேஷ் (வட்டமைப்பின் வேக நினைவகம்) மீதோ தொலைதூர நகல் மீதோ விழ வேண்டும்.

எந்த வேலை பாதிக்கப்படுகிறது என்பதை ஆர்எம்எஃப்பின் ஒரு பகுதியான மானிட்டர் 3-இன் நினைவகத் தாமத அறிக்கையில் காணலாம்.

ஸ்லாட் (டேட்டா செட்டில் ஒரு பக்கம் அமரும் இடம்) பயன்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். லோக்கல் டேட்டா செட்டுகள் 30 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்தடுத்த காலி ஸ்லாட்டுகள் கிடைப்பது அரிதாகி, எழுதும் வேகம் குறைகிறது. துணைச் சேமிப்பு (பக்கங்களுக்கான மொத்த வட்டு இடம்) 70 சதவீதம் நிரம்பியதும் கன்சோலில் ஐஆர்ஏ200 என்ற பற்றாக்குறை எச்சரிக்கை வரும். அதற்கு வெகு முன்பே, நெரிசல் இல்லாத தனி வட்டில் இன்னொரு டேட்டா செட்டை பேஜ்ஆட் கட்டளையால் சேர்த்துவிடுங்கள்.